இரட்டை விசில்

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். டிரைவரின் கால் அவை இரண்டுக்கும் அண்ணன். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், சாப்பிடும்போது மேசைக்கடியில் ஆக்சிலேட்டரைத் தேடும்.

"நீங்க தினமும் தாண்டிப் போன இடமெல்லாம் எனக்குக் காட்டுங்க. ரெண்டு பேரும் இறங்கி, நிதானமாப் பார்க்கணும்" என்று மனைவி வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பழைய கார் ஒன்று வாங்கியாகிவிட்டது, சாக்குச் சொல்ல வழியில்லை. முழங்கால் வலிக்காரி, காலை நீட்டிக்கொள்ளப் பின் சீட்டில் ஏறினாள். "இன்னைக்கும் அவசரப்பட்டீங்கன்னா, இனிமே உங்களோட எங்கேயும் வரமாட்டேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். டிரைவருக்கு அது நன்றாகத் தெரியும்.

தெரிந்து என்ன பயன்? மனுஷன் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவர். கல்பாலத்தில் அவள் இறங்கி ஆற்றைப் பார்த்தாள். இவர் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை.

"இறங்கி வாங்களேன்."

"நீ பாரு. நான் வண்டியில இருக்கேன்."

மணிக்கூண்டிலும் அதே பதில். மலையடிவாரத்துப் பழைய அரண்மனையிலும் அதே பதில். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். டிரைவருக்கு ஸ்டீயரிங்கில் கைவைத்தபடியே கண் அசந்தது.

மதில்மேல் ஏறிப் படமெடுத்த யாரையோ இறங்கச் சொல்லி, வாசல் காவலாளி இரண்டு விசில் அடித்தார். அவ்வளவுதான். இரண்டு விசில் என்றால் எல்லாரும் ஏறியாச்சு, போகலாம். கண்டக்டரின் அந்தச் சத்தத்தை நம்பியே ஆயுசு முழுக்கத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டியவர். அரைத்தூக்கத்தில் கை கியரைப் போட்டது. வண்டி கிளம்பியது.

மலைச்சரிவு முடிந்து ஏரி வந்ததும், "பாரு, எவ்வளவு பெரிய ஏரி!" என்றார். பதில் இல்லை.

"கோபமா? சரி, அடுத்த இடத்துல நானும் இறங்குறேன். போதுமா?"

அதற்கும் பதில் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். பின் சீட்டில் அவளுடைய கைப்பையும் போனும் மட்டும் கிடந்தன. டிரைவர் நடுரோட்டிலேயே வண்டியைத் திருப்பினார்.

திரும்பி வந்தபோது அவள் அரண்மனைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீ ஏறிட்டேன்னு நினைச்சேன்" என்றார்.

"எப்பவும் அப்படித்தானே நினைச்சீங்க? பிள்ளைங்க பிறந்தப்போ, எங்கம்மா போனப்போ, எல்லாத்துலயும் நான் பின்னாடியே வர்றேன்னுதானே ஓட்டினீங்க? பஸ்ஸுக்காவது கண்டக்டர் இருந்தார். எனக்காக விசில் அடிக்க யார் இருந்தா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சினை அணைத்தார். "வா, சேர்ந்து பார்க்கலாம்."

"நான் பார்த்தாச்சு." சாவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க போய்ப் பாருங்க. நான் வண்டியில இருக்கேன்."

டிரைவர் தனியாக உள்ளே போனார். அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை, அவரோ தூணுக்குத் தூண் வாசலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே காவலாளி மறுபடியும் இரண்டு விசில் அடித்தார்.

டிரைவர் ஓடினார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை.