பெட்டிக்காரர் வீட்டுக் கட்டில்

சபை முழுக்க எழுந்து நின்று ஜெபம் சொல்லும்போது, 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்று கேட்கிற இடம் வந்ததும் பெட்டிக்காரர் மட்டும் வாயை மூடிக்கொள்வார். சவப்பெட்டி செய்து பிழைக்கிறவர் எந்த முகத்தோடு அதைக் கேட்பது? இவருக்கு ஆகாரம் கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு வீட்டில் இழவு விழ வேண்டும். கடவுளை அப்படியொரு தர்மசங்கடத்தில் மாட்டிவிட அவருக்கு மனசு வந்ததில்லை. பக்கத்தில் நிற்கும் மனைவி அந்த வரியை மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்வாள்.

ஒரு காலத்தில், நோயாளிகளை வீடு தேடிப் போய் ஜெபிக்கிற குழுவில் அவரும் இருந்தார். உருக்கமாகத்தான் ஜெபிப்பார். ஆனால் தொழில் புத்தி கண்ணில் ஏறி உட்கார்ந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் பார்வை படுத்திருப்பவரின் தலையில் தொடங்கிக் கால்வரை ஒரு ஓட்டம் ஓடி வந்துவிடும். மஞ்சள் காமாலையில் கிடந்த ஒரு மளிகைக்காரர் அதைக் கவனித்துவிட்டுச் சட்டென்று முழங்காலை மடக்கிக்கொண்டார். அந்த வாரமே சபைச் செயலாளர் வந்து, "அண்ணே, நீங்க வீட்டுலயே இருந்து ஜெபம் பண்ணாலும் கடவுளுக்குக் கேக்கும்" என்று பக்குவமாகக் கழற்றிவிட்டார்.

இப்போது மனைவியே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி. அவள் பக்கத்தில் உட்காரும்போது பெட்டிக்காரர் அவள் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை. கண் கொஞ்சம் சறுக்கினால் போதும், நீளமும் அகலமும் தானாக மனசில் ஏறிவிடும். அத்தனை பேர் அளவும் தெரிந்த மனிதருக்கு இந்த ஒரு அளவு மட்டும் தெரியவே கூடாது என்று வைராக்கியம். அதை விசுவாசம் என்பதா, பயம் என்பதா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"ஏங்க, கழுத்துக்குக் கீழ நான் இருக்கேனா இல்லையா? அந்தப் பக்கம் பாக்கவே மாட்டேங்கறீங்க."

"போர்வைதானே கிடக்கு. அதுல என்ன பாக்க?"

ஒருநாள் டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்தார். "இனிமே மருந்து கேக்காதுங்க. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்கலாம். சில வாரம் இருப்பாங்க" என்றார். உள்ளே வந்த கணவன் முகத்தைப் பார்த்தே மனைவி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

"வீட்டுக்கா? ரொம்ப நல்லது. ஆனா அந்தக் கட்டில்ல நான் படுக்க மாட்டேன்."

நியாயம்தான். ஊருக்கெல்லாம் தேக்கில் இழைத்துக் கொடுத்தவர் வீட்டில் இருந்தது, ஒரு ஆள் புரண்டாலே முனகுகிற இரும்புக் கட்டில். அவள் நோயில் விழுந்ததிலிருந்து அவர் தரையில்தான் படுக்கிறார்.

நேரே பட்டறைக்குப் போனார். பெரிய இடத்துச் சாவு ஏதாவது வரும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தேக்குப் பலகைகளை இறக்கினார். இழைப்புளியைத் தள்ளத் தள்ள அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு தள்ளினார்.

தெருவில் ஸ்கூட்டரில் போன செயலாளர் அதைப் பார்த்தார். மனைவி ஆஸ்பத்திரியில், பட்டறையில் தேக்கு, கண்ணில் தண்ணீர். இதற்கு மேல் என்ன விசாரிக்க வேண்டியிருக்கிறது? அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யவில்லை, பூக்கடைக்குச் செய்தார்.

பொழுது சாய்வதற்குள் சபையே வெள்ளை உடுத்திக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றது. முன்னால் பாஸ்டர், பின்னால் மலர்வளையத்தோடு செயலாளர். அவர்களைப் பார்த்ததும் பெட்டிக்காரர் கையிலிருந்த இழைப்புளி கீழே விழுந்தது. நான் இங்கே பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது அவள் அங்கே போய்விட்டாள், இவர்களுக்கு முதலில் தகவல் வந்திருக்கிறது என்று நினைத்தார். மரச்சுருள் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டர் தோளைத் தொட்டார். "தைரியமா இருங்க. நமக்குப் பரலோக நம்பிக்கை இருக்கு. கடைசி நேரத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே ஆஸ்பத்திரியிலேருந்து வர்றீங்க."

"இல்லையே. நீங்க பெட்டி செய்றதா செயலாளர் சொன்னாரு."

பெட்டிக்காரர் மெல்லத் தலையைத் தூக்கினார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கட்டைகளைக் காட்டினார்.

"பெட்டிக்கு எதுக்குய்யா நாலு காலு?"

செயலாளர் மலர்வளையத்தை முன்னால் பிடித்துப் பார்த்தார், பின்னால் மறைத்துப் பார்த்தார். அது மறைகிற சைஸில் இல்லை. அவள் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் பாஸ்டர், வந்ததற்கு ஏதாவது பாட வேண்டுமே என்று ஒரு ஸ்தோத்திரப் பாட்டைத் தொடங்கினார். பெட்டிக்காரருக்கு ஆத்திரமும் வந்தது, உயிரும் வந்தது. பாடி முடிக்கும்வரை ஆணி அடிக்காமல் இருந்தார். அதுவே பெரிய மரியாதை.

மறுநாள் அவள் வருவதற்குள் சபை அதை அற்புத சுகமாக்கிவிட்டது. டாக்டர் கைவிட்டவளை ஜெபம் மீட்டுவிட்டதாம். டாக்டர் ஏன் வீட்டுக்கு அனுப்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நடந்ததையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு, "என்னை எழுப்பிட்டாங்களாமே" என்று சிரித்தாள் மனைவி. சிரித்ததில் வயிறு வலித்தது. "அந்தப் பூ எங்க?"

"குப்பையில போடலாம்னு..."

"எடுத்து ஜன்னல்ல மாட்டுங்க. எனக்கு வாங்கினதை நான் பாக்க வேணாமா?"

மாட்டினார். அவள் புதுக்கட்டிலில் படுத்துச் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "என்னைப் பாக்கவே இல்லையே, அளவு எப்படி எடுத்தீங்க?"

"எடுக்கல. ரெண்டு பேருக்குன்னு போட்டேன்."

அவள் மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் பக்கத்தில் படுத்தார். கட்டில் முனகவில்லை. அவள் கண்ணை மூடி மாலை ஜெபத்தைத் தொடங்கினாள். ஆகாரம் கேட்கிற இடம் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டாள்.

பெட்டிக்காரர் காத்திருந்தார். அந்த வரியில் கேட்பது இன்றைக்கு மட்டும்தான், நாளைக்கு என்று ஒரு சொல்கூட இல்லை என்பது இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவருக்கு உறைத்தது. வாயைத் திறந்து அதை இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள்.