அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்?

ஓட்டலில் தங்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் வேலையாட்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்கள் என்று மேனேஜருக்கு எரிச்சல். காலை ஷிஃப்ட் முடிந்ததும் ஊழியர்கள் சாப்பிடும் அறையிலேயே இங்கிலீஷ் வகுப்பு என்று ஏற்பாடு செய்துவிட்டார். சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவளும், அதே ஓட்டலில் குழாய் ரிப்பேர் பார்க்கும் அவள் கணவரும் ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். வீட்டில்கூட அவர்கள் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்து வெகுநாளாகியிருந்தது.

மகன் போய் இரண்டு வருஷம். ஒரே பிள்ளை, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவன். மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; கண்ணைத் திறக்காமலே கிடந்தான். அவள்தான் ராப்பகலாகக் கட்டிலோடு ஒட்டிக்கிடந்தாள். ஒரு நாள் காலையில் கணவர், "வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று பிடிவாதமாக அனுப்பிவைத்தார். அவள் திரும்பி வந்து வார்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இடையில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவரைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். அவரும் வாய் திறக்கவில்லை. காஸ் தீர்ந்துபோனது, தண்ணீர் வராதது, மழை வரும் போலிருப்பது எல்லாவற்றையும் பேசினார்கள். அந்தக் காலைப் பொழுதை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டே போனார்கள், நடுக்கூடத்தில் கிடக்கும் பெரிய பெட்டியைச் சுற்றிப் போவதுபோல.

டீச்சர் சின்ன வயசுப் பெண். கலகலப்பானவள். அன்றைக்குப் பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, அதன் நடுவே குறுக்காக ஒரு வெட்டு வெட்டினாள்.

"ஒரு வேலை நடந்துக்கிட்டே இருக்கு. நடுவுல இன்னொண்ணு வந்து குறுக்க விழுது. நடந்துக்கிட்டு இருந்ததுக்கு 'வாஸ்' போட்டு, வினையோட 'இங்' சேருங்க. குறுக்க விழுந்தது சட்டுனு முடிஞ்சிடுச்சு இல்லையா, அதுக்கு 'இங்' வேண்டாம். எங்க, ஒரு ஆள் சொல்லுங்க."

வாட்ச்மேன் முந்திக்கொண்டார். "வென் மேனேஜர் கேம், ஐ வாஸ் ஸ்லீப்பிங்."

"வாக்கியம் சரி. வேலைதான் போயிடும்" என்றாள் டீச்சர்.

சமையலறையில் காய் நறுக்குகிறவள் எழுந்து, "ஐ வாஸ் கட் ஆனியன்" என்றாள்.

"கட் இல்லக்கா, கட்டிங்."

"கட்டிங்னா எனக்கு வேற என்னமோல்ல ஞாபகத்துக்கு வருது" என்று வாட்ச்மேன் முணுமுணுக்க, அறையே சிரித்தது. இஸ்திரி போடுகிறவளும் சிரித்தாள். பக்கத்தில் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. உதடு அசைய அந்தச் சொல்லை ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்டுப் பழகச் சொன்னாள் டீச்சர். பலகையில் இருந்ததை அவள் கணவரைப் பார்த்து எழுத்துக்கூட்டிக் கேட்டாள்: "வாட் வேர் யூ டூயிங்... வென் த லைட் வென்ட் அவுட்?"

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. சும்மா ஏதாவது சொல்லுங்க."

"வென் ஹி வென்ட்," என்றார். "ஐ வாஸ் கட்டிங் ஹிஸ் நெயில்ஸ்."

ஒவ்வொரு சொல்லாக அவளுக்கு அர்த்தமாக வேண்டியிருந்தது. வென்ட் என்றால் போனான். நெயில்ஸ் என்றால் நகம். அன்று அவனைக் குளிப்பாட்டும்போது பார்த்தது நினைவுக்கு வந்தது: இடது கை நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது, வலது கையில் கட்டைவிரல் தவிர மற்றதெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் பாதியில் விட்டுப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தாள்.

"நீங்களா?" என்றாள் மெதுவாக.

"நகம் வளந்து கிடந்துச்சு. அம்மா வந்தா உன்ன இல்ல, என்னத்தான் திட்டுவான்னு அவன்கிட்ட சொல்லிக்கிட்டே வெட்டினேன். ஒரு கை முடிஞ்சுது. இன்னொரு கையில கட்டவிரல் ஆச்சு. அடுத்த விரலப் புடிக்கிறேன், கை கனக்குது."

"இழுத்துக்கிட்டானா? கஷ்டப்பட்டானா?"

"இல்லம்மா. விரலு என் கையில இருந்துச்சு. அவ்வளவுதான்."

"இத்தன நாளா ஏங்க சொல்லல?"

"நம்ம பேச்சுல சொல்ல வாய் வரல."

மற்ற பெஞ்சுகளில் லைட் போய்க்கொண்டே இருந்தது. யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இவர்கள் பக்கம் வந்து, "ஆச்சா? இப்ப நீங்க அக்காவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அவர் தலை நிமிராமலே கேட்டார். "வாட் வேர் யூ டூயிங்?"

பஸ்ஸில் ஈரத்தலையோடு நின்றதும், கக்கத்தில் அவனுக்கென்று துவைத்து மடித்த சட்டையை இடுக்கிக்கொண்டிருந்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கெல்லாம் சொல் தெரியவில்லை.

"ஐ வாஸ் கம்மிங்" என்றாள். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் முதுகில் கை வைத்தார்; எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் இருவரும் பஸ்ஸைப் பிடிக்காமல் நடந்தே வந்தார்கள். வழியில் அவள், "அவன்கிட்ட வேற என்ன பேசினீங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். சிலது மறந்துபோயிருந்தது. மறந்த இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.