இரைச்சல் நீக்கி

மகேஸ்வரி அக்கா பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கிப் போய்த் திரும்பி வருவதற்குள் அவருடைய வீட்டுக்காரரை நான் இரண்டாம் முறையாகச் சாகடித்துவிட்டேன். முதல் முறை அவராகத்தான் செத்தார். போன ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதில் எனக்குப் பங்கில்லை. இரண்டாவதற்கு முழுப் பொறுப்பாளி பழனிக்குமாராகிய நான்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேர் என்ற சொல்லை இனிமேல் யோசித்துத்தான் போர்டில் எழுத வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆனந்த்ராஜ் அண்ணனை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் அவர் குரலைத் தெரியாமல் இருக்காது. லோடு ஆட்டோவில் காய்கறி விற்கிறவர்களும் பழைய இரும்பு எடுக்கிறவர்களும் இப்போது தொண்டையைக் கிழித்துக்கொள்வதில்லை. ஸ்பீக்கரில் ஒரு மெமரி கார்டைச் சொருகிவிட்டால் அது பாட்டுக்குக் கூவிக்கொண்டே வரும். செம்பட்டியிலிருந்து அய்யலூர் சந்தை வரைக்கும் அப்படிக் கூவுகிற குரலில் பாதி அண்ணனுடையது. "வாங்கம்மா வாங்க, பல்லாரி வெங்காயம், உரிக்கும் முன்னாடியே கண்ணு கலங்குற வெங்காயம்." இதைச் செம்பட்டியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே உட்கார்ந்து பேசினார். முன்னறை ஸ்டூடியோ, பின்னறை வீடு. ஸ்டூடியோ என்றால் எதிரொலி கேட்காமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

அண்ணன் போன பிறகும் அக்கா தொழிலை விடவில்லை. பழைய பதிவு ஒன்றிலிருந்து 'தக்காளி'யை எடுப்பார், இன்னொன்றிலிருந்து 'வாங்கம்மா'வை எடுப்பார், ஒட்டிப் புது வியாபாரிக்குக் கொடுப்பார். இறந்துபோன மனுஷன் புதுசு புதுசாகக் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். அவர் பேசியதெல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துத் தருகிறேன் என்றும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அக்கா கூப்பிட்டது ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று. போய்ப் பார்த்தால் ஒரு ஒயர் லூசாக இருந்தது. மாற்றினேன். அதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. சரியாகிவிட்டதா என்று பார்க்க, கண்ணில் பட்ட ஒரு பதிவை ஓடவிட்டேன். அண்ணன் குரல் வந்தது. கூடவே குக்கர் சத்தம், வளையல் சத்தம், ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம், தெருவில் நாய். என்ன இது இம்புட்டுக் குப்பை என்று நினைத்தேன். எனக்கு இளகிய மனசு. அது எனக்கு ஒரு வியாதி. யாராவது கஷ்டப்பட்டால் அவர்கள் சொல்லாத உதவியைச் செய்துவிட வேண்டும் எனக்கு. அக்கா வருவதற்குள் இந்த இரைச்சலையெல்லாம் நீக்கி, அண்ணன் குரலைத் துடைத்து வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று தோன்றியது. பின்னறையில் பால் திரிந்துபோனதால் அவர் கீழே போயிருந்தார். இணையத்தில் தேடி, இரைச்சல் நீக்கும் புரோகிராம் ஒன்றைச் சும்மா கிடைக்கிற இடத்திலிருந்து இறக்கி ஏற்றினேன். சும்மா கிடைக்கிற இடம் எப்படிப்பட்ட இடம் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்.

அது என்னை எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊரில் 'இல்லை' என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வர முடியாதவர் "வாரேன், வாரேன்" என்பார். பெண் கொடுக்க விருப்பமில்லாதவர் "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்பார். வடை வேண்டாதவர் "இப்பத்தான் சாப்ட்டேன்" என்பார். இப்படிப்பட்ட சனத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்ற அனுமதி கேட்கிறது, கொடுக்கலாமா, ஆமா, இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல் என்கிறது. வேர்த்துவிடாதா? ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் வரும். "குமாரு, என்னமோ கேக்குது, என்ன சொல்லட்டும்?" ஆமா சொல்லுங்க என்பேன். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், யார் கம்ப்யூட்டர் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அந்தக் கேள்வியையே வராமல் நிறுத்திவிடுவேன். இதற்காக என்னைப் புகழ்ந்தவர்கள் உண்டு. குமார் கைவச்சா கம்ப்யூட்டர் கேள்வி கேக்காது என்பார்கள். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நிறுத்தியது நான்தான்.

ஆகவே, இரைச்சல் நீக்கி என்ற பெயரில் வந்த வைரஸ் கேட்காமலே உள்ளே போனது. ஒட்டடை அடிக்க வந்தவன் பீரோ, சமையல்கட்டு, சாமி மாடம் எல்லாவற்றுக்கும் சாவி எடுத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிறுக்கலாக மாறின. ஒயரைப் பிடுங்கினேன். தாமதம். மறுபடி போட்டபோது எதுவும் திறக்கவில்லை.

அக்கா பால் பாக்கெட்டோடு வந்து நின்றார்.

"தொறக்கலையா?"

"செத்த நேரம்க்கா."

செத்த நேரம் ஆயிற்று. அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், எல்லாம் போய்விட்டது என்பதை மட்டும் 'கொஞ்சம் சிக்கலாயிருச்சு' என்று சொன்னேன். அவர் திரையையே பார்த்தார்.

"எல்லாமா?"

"பாக்கலாம்க்கா."

அவரும் எங்கள் ஊர்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

"கோவமாக்கா?" என்றேன்.

"சீனி போதுமா?" என்றார்.

கம்ப்யூட்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் வந்து ஃபயாஸிடம் கொடுத்தேன். அழிந்ததை மீட்பதில் அவன்தான் எங்கள் ஊரில் கெட்டிக்காரன். என்னை அண்ணன் என்பான், என் அறிவை மட்டும் மதிக்க மாட்டான்.

"முழு அனுமதி கேட்டுச்சாண்ணே?"

"கேக்கல."

"கேக்காம எப்படி?"

"கேக்க வேணாம்னு நான்தான் வச்சிருந்தேன்."

ஃபயாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சத்தத்தைச் சுத்தம் பண்ண வந்ததுக்கு எதுக்குண்ணே முழுக் கம்ப்யூட்டர்? சத்தம் இருக்க ஃபோல்டரு போதாதா?"

"இப்பல்லாம் எல்லாமே முழுசாத்தானப்பா கேக்குது. காலண்டர் போட வந்தது கூட முழுசாக் கேக்குது."

"கேட்டாக் குடுத்துருவீங்களோ?"

"நீ குடுக்க மாட்டியா?"

கண்ணாடியை மறுபடி மாட்டினான். "குடுத்துருவேன். அவசரத்துல யாரு படிக்கிறா."

"சரி, இது மீளுமா மீளாதா?"

"பாக்கலாம்ணே" என்றான்.

மறுநாள் வெங்காய ஆட்டோ ஒன்று கடைக்கு முன்னால் அண்ணன் குரலில் கூவிக்கொண்டு போனபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. கம்ப்யூட்டரில் போனால் என்ன, ஊரெல்லாம் அவர் இருக்கிறாரே. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்தையன்று அய்யலூரில், ஆட்டுக்கயிறும் கழுத்துமணியும் விற்கிற முத்துச்சாமியைப் பிடித்தேன். மெமரி கார்டைக் கழற்ற அவருக்கு மனசில்லை.

"வாய எடுத்துட்டு என்னைய ஊமையா நிக்கச் சொல்றியா அப்பு?"

"காப்பி எடுத்துட்டுத் தந்துர்றேண்ணே. செத்த நேரம்."

"அதுவரைக்கும் யாரு கூவுறது?"

நான் கூவினேன். லேப்டாப்பில் காப்பி ஓடி முடிகிறவரை, ஆட்டுக்கயிறு, மணி, மூக்கணாங்கயிறு என்று அந்தக் கூட்டத்தில் கத்தினேன். ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது. ஒருத்தரும் வாங்கவில்லை. அண்ணன் குரலுக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

இப்படியே அலைந்தேன். தக்காளி, கருவாடு, கோலமாவு, பழைய இரும்பு, தலைமுடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நடுவில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "கம்ப்யூட்டர்ல வேற என்னக்கா இருந்துச்சு? சொன்னாத் தேடத் தோதா இருக்கும்."

"என்னமோ இருந்துச்சு தம்பி."

"முக்கியமானதா?"

"வெயில்ல அலையாத. கறுத்துட்ட" என்பார். நான் பிறந்ததிலிருந்து கறுப்பு.

இதற்கிடையில், நான் நிறுத்திவைத்திருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் அந்தக் கேள்வியைத் திரும்ப வரவைத்தேன். ஊரே என்னைத் திட்டியது. ஜெராக்ஸ் கடை ஈஸ்வரன் போன் போட்டார். "குமாரு, மறுபடியும் கேக்க ஆரம்பிச்சிருச்சுப்பா."

"படிச்சுப் பாத்துட்டு, வேணாம்னா இல்லைன்னு போடுங்க."

"இல்லைன்னு போட்டாக் கோவிச்சுக்குமா?"

கடைசியாக மாட்டியவர் ஒச்சப்பன். ரெட்டியார்சத்திரம் கடைவீதியில் வெங்காய வண்டியை ஓரங்கட்டி, தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கார்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்க. ஆனா எனக்கு ஒரு வேல செய்யி. கடைசில ஒரு வால் தொங்குது, அத வெட்டிக் குடு. ஆனந்த்ராஜுட்ட எத்தன தடவ சொன்னேன். அன்னிக்கு அவசரத்துல அப்பிடியே ஏத்திக் குடுத்துட்டாரு. வாரேன் வாரேன்னாரு, போயே சேந்துட்டாரு."

"என்ன வாலு?"

"கேட்டுப் பாரு. அதால எனக்குக் குக்கர்காரன்னு பட்டப்பேரு."

லேப்டாப்பில் போட்டேன். வாங்கம்மா வாங்க, பல்லாரி வெங்காயம். கண்ணு கலங்குற வெங்காயம். அது முடிந்து ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் அதே குரல், ஆனால் விற்கிற குரல் இல்லை, வீட்டுக் குரல்: "மகேசு, அடுப்ப அமத்து. மூணு விசில் வந்துருச்சு." தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்: "ரெண்டுதான். ஒழுங்கா எண்ணுங்க." அண்ணன் சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் அறுந்து, மறுபடியும் வாங்கம்மா வாங்க.

"சின்னப் பயலுக வண்டியக் கண்டாலே 'மகேசு அடுப்ப அமத்து'ன்னு கத்துறானுக" என்றார் ஒச்சப்பன். "பொழப்பு பாக்க முடியல. வெட்டிரு."

எனக்கு வெட்டுவது ஒரு நொடி வேலை. விரல் தானாகப் போய் நின்றுவிட்டது. துடைத்துச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்ற அதே வியாதி. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "கேட்டுட்டு வெட்டுறேண்ணே" என்றேன்.

"யாருட்டக் கேக்கணும்? வண்டி என்னது."

"செத்த பொறுங்க."

நேராகச் செம்பட்டிக்குப் போனேன். மத்தியானம். மகள் பானுப்ரியா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அக்கா வெஞ்சனத்துக்குப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முட்டை அட்டைச் சுவருக்கு முன்னால், கம்ப்யூட்டர் இருந்த மேசை காலியாகக் கிடந்தது. பென் டிரைவை அதில் வைத்தேன். ஊரில் சேர்த்ததெல்லாம் இருக்கிறது, தொழிலுக்குப் பஞ்சமில்லை என்றேன். அக்கா அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லாருப்ப தம்பி" என்றார். அதில் சந்தோஷம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை.

"ஒன்னுல மட்டும் கடைசில கொஞ்சம் வேற சத்தம் இருக்குக்கா. ஒச்சப்பன் வெட்டித் தரச் சொல்றாரு. உங்களக் கேக்காம வெட்ட வேணாம்னு கொண்டாந்தேன்."

லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டேன்.

வெங்காயம் கூவியது. அக்கா நறுக்கிக்கொண்டே இருந்தார். வால் வந்தது. அரிவாள்மணை நின்றது. சிரிப்பு அறுந்து மறுபடி வெங்காயம் ஆரம்பித்தது. நான் நிறுத்தக் கையை நீட்டினேன், வேண்டாம் என்று அவர் கையை அசைத்தார். எழுந்து வந்து, அண்ணன் கடைசியாக உட்கார்ந்த நாற்காலியில், இத்தனை நாளாக யாரும் உட்காராத அதில், உட்கார்ந்தார். மறுபடி வந்தது. மறுபடி. ஒரு சுற்றில் அவர் உதடு அசைந்தது. "ரெண்டுதான்" என்று கூடவே சொன்னார்.

கீழே டயர்க் கடையில் காற்று அடிக்கிற மிஷின் ஓடி நின்றது.

"ஒச்சப்பனுக்கு வெட்டிக் குடுத்துரு" என்றார். "பாவம், வியாபாரம் பாக்கணும். எனக்கு வெட்டாதது வேணும்."

"சரிக்கா." ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். "கம்ப்யூட்டர்ல இருந்ததும்... இப்பிடித்தானா?"

அக்கா மடியில் ஒட்டியிருந்த புடலங்காய் விதையைத் தட்டிவிட்டார். "கொத்தமல்லி விக்கிறவன் வேரக் கிள்ளிட்டுத்தான குடுக்கான். அதுமாதிரி வெளிய போனதெல்லாம் கிள்ளினது. வேரெல்லாம் இங்க கெடந்துச்சு. பானு தத்தக்கா பித்தக்கான்னு பேசுனது. நாங்க சண்ட போட்டது. அவரு இருமுனது. மைக்க அமத்த மறந்துட்டுப் பாடுனது, நல்லாவே இருக்காது. மத்தியானம் சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு எதையாச்சும் ஒன்ன ஓட விட்டு உக்காந்துருப்பேன். ஸ்பீக்கரு கரகரங்கவும் அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன்."

நான் குப்பை என்று நினைத்தது அது. துடைத்துக் கொடுத்துச் சந்தோஷப்படுத்த நினைத்தது அது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி இந்த இடத்தைத் தாண்டிவிடுவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை குனிந்து, அவர் தட்டிவிட்ட விதையைப் பொறுக்கினேன்.

ஃபயாஸ் என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. அவனுடைய 'பாக்கலாம்ணே'யை நானும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, கிளம்புகிற மாதிரி எழுந்து, கிளம்பாமல் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பால் வாங்கிட்டு வார வரைக்கும் பொறுத்திருந்து, இந்த இரைச்சல எடுத்துரவான்னு உங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

விடு தம்பி என்பார் என்று நினைத்தேன். ஏதோ நேரம் என்பார், சாப்டுட்டுப் போ என்பார். நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, அன்றைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.