ஹேட்லி விடுதியின் நான்காவது தளம்

ஹேட்லி பெண்கள் விடுதிக்கு நான்காவது தளம் வந்து சேர்ந்தது 1969 ஜூன் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை காலை. கொத்தனாரும் வரவில்லை, செங்கலும் வரவில்லை. முந்தின நாள் வெளியான அரசாங்க அறிக்கையில் அப்படி ஒரு தளம் இருப்பதாக எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் ஷைலோ ஹில் கல்லூரியில், அந்த ஏப்ரலில் போருக்கு ஆள் பிடிப்பதை எதிர்த்து வகுப்புப் புறக்கணிப்பு நடந்தது. ஆறாம் நாள் சாயங்காலம் மாநிலப் போலீஸ் வந்து, சபையில் ஒரு சரணம் பாடி முடிக்கிற நேரம் வரை, விடுதியைப் பார்த்துச் சுட்டது. இருபது வயது கார்னல் பெட்டவே மாக்னோலியா மரத்தடியில் விழுந்து செத்தான். பையன்கள் அந்த மரத்தைத் தாண்டக் கூடாது, அங்கே நின்றுதான் பெண்களைக் கூப்பிட வேண்டும் என்பது வார்டன் மிஸ் ஆர்லீதாவின் சட்டம். தோழிக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவன் சொன்னபடி நின்றான்.

நான்காவது தளத்து ஜன்னலிலிருந்து யாரோ சுட்டதால்தான் போலீஸ் திருப்பிச் சுட்டது என்றது அறிக்கை. எழுதிய மகானுபாவர் எங்கள் ஊர்ப் பக்கமே வந்ததில்லை. விடுதிக்குத் தரையையும் சேர்த்து மூன்றே தளங்கள். கார்னலின் தாய் வெர்னிஸ் பெட்டவே வழக்குப் போட்டிருந்தார். மகன் காரணமே இல்லாமல் கொல்லப்பட்டான் என்று நீதிமன்றம் ஒரு வரி சொல்ல வேண்டும், அதற்கு மேல் எதுவும் அவர் கேட்கவில்லை. அவருடைய வக்கீல் அறிக்கையைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் குதித்தார். "பொய் சொல்றதுக்கும் எண்ணத் தெரியணும், சிஸ்டர் பெட்டவே! கேஸ் நம்ம கையில."

மறுநாள் காலை தளம் நின்றது. பன்னிரண்டு அறைகள், பல வருடத் தூசி, மிஸ் ஆர்லீதாவின் சாவிக்குத் திறக்கிற பூட்டுகள். ஊருக்குத் தலை சுற்றியது. பழைய மாணவிகள் சிலருக்கு அங்கே தங்கிய ஞாபகம் வந்தது. பாதிரியார், தான் நான்கு தளங்களுக்கும் சேர்த்துத்தான் ஜெபித்திருக்க வேண்டும் என்றார். "மூணுன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்யா. இப்ப எம்மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார் முடிவெட்டும் ஹொசேயா. நானும் மூன்று தடவை எண்ணினேன். எனக்கும் நான்குதான் வந்தது.

வழக்கு நடந்தபோது பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகளும் மேலே ஏறிப் பார்த்தார்கள். மிஸ் ஆர்லீதா அவர்களிடம், "அய்யா, கீழ மூணு தளத்துலயும் ஜன்னலுக்கு ஜன்னல் குண்டு. இங்க ஒரு கண்ணாடிகூட ஒடையல. மேலருந்து சுட்டவனைத்தான் சுட்டாங்கன்னா, குண்டெல்லாம் ஏன் கீழ போச்சு?" என்று கேட்டார். நல்ல காற்று வருகிறது என்றார் ஒருவர். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது.

வெர்னிஸ் நீதிமன்றப் படியில் நின்று, "அந்த விடுதிப் படுக்கை விரிப்பை இருபத்தியொரு வருஷம் நான்தான் வெளுத்தேன். தளத்துக்கு ஒரு மூட்டை. வாரத்துக்கு மூணு மூட்டைதான் வந்துச்சு. எனக்கு எண்ணத் தெரியும்" என்றார்.

கல்லூரியில் இடநெருக்கடி. செப்டம்பரில் இருபத்திரண்டு புதுப் பெண்களை மேலே குடியேற்றினார்கள். அடுத்த ஏப்ரலில், மகன் செத்த நாளன்று, வெர்னிஸ் வந்து மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நான்காவது தளம் இல்லை. பெண்கள் எல்லோரும் நினைவுக் கூட்டத்தில் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய பெட்டிகளும் கட்டில்களும் புல்தரையில் கிடந்தன. அவர் போனதும் தளம் திரும்பி வந்தது.

அதிலிருந்து வருடாவருடம் அன்று காலை மிஸ் ஆர்லீதா மணி அடிப்பார். "எறங்குங்கடி பொண்ணுங்களா, கார்னலோட அம்மா வராங்க." பெண்கள் பெட்டி படுக்கையோடு கீழே வந்து, நடைபாதைகளில் நெருக்கி உட்காருவார்கள். கட்டில்களைச் சமையல்காரர்கள் இறக்குவார்கள்.

எழுபத்தாறில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, மடியில் தலையணையோடு, "மிஸ் ஆர்லீதா, அவங்க போகாம அங்கயே நின்னுட்டா என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"நிக்கட்டுமே. நாம இப்படியே நெருக்கி இருந்துக்குவோம்."

வெர்னிஸ் நான்கு மணி பஸ்ஸுக்குப் போனார். பெண்கள் படுக்கையைச் சுமந்துகொண்டு மேலே ஏறினார்கள்.