பாஸ்கு ஞாயிறு வரைக்கும்

பெரிய வெள்ளிக்கிழமை காலை, சிலுவைப்பாதைக்கென்று கொட்டாஞ்சேனை வீட்டை விட்டிறங்கிய கிளெமென்றை ஒழுங்கை முகப்பிலேயே பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. வடக்கில் பிறந்ததாக அடையாள அட்டையில் இருந்தால் போதும், பிடித்தார்கள்.

பக்கத்து வீட்டு ஹெக்டர் அங்கிள் விசாரித்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"ஆள் இஞ்ச பொலிஸிலதான். கண்ணால கண்டனான். மனுசி வந்து கேட்டா விடலாம் எண்டு சார்ஜன் சொல்றார். வெளிக்கிடு பிள்ளை. நாளைக்கு எங்கயும் மாத்திப்போடுவாங்கள்."

கிளெமென்றின் மனைவி செலீன், செபத்தில் முழங்காலில் இருந்தபடியே மாட்டேனென்று தலையாட்டினாள்.

"நான் வரேல்லை அங்கிள். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவார்."

"ஆர் சொன்னது?"

"ஆண்டவரையும் வெள்ளிக்கிழமைதான் கொண்டுபோனவங்கள். பெண்டுகள் தீர்ப்புச் சொன்ன பிலாத்திட்டப் போய்க் கெஞ்சினவையே? காத்திருந்தவை. மூண்டாம் நாள் எழும்பி வந்தவர்."

"ஆண்டவருக்குப் பொலிஸில ஆள் தேவைப்படேல்லை. இவனுக்குத் தேவை."

செலீன் சிரிக்கவில்லை. "மன்னாரில ஆமி கொண்டுபோன என்ர தம்பிக்காகக் காம்ப் காம்பாக் கெஞ்சித் திரிஞ்சனான். கடைசியில அவன்ர ஒரு செருப்புத்தான் கிடைச்சது. இந்த முறை கெஞ்சமாட்டன்."

ஹெக்டர், கிளெமென்றின் தங்கை ஐறீனைப் பார்த்தார். விஞ்ஞானம் படித்தவள், மருந்துக் கம்பனி ஆய்வுகூடத்தில் வேலை. வாய் திறக்க அவளுக்கு எப்போதும் நேரமெடுக்கும்.

"மச்சாள், வேதத்தில அது எங்களுக்கு நம்பிக்கை வரவேணும் எண்டு எழுதினது. கவிதை மாதிரி. அதை வைச்சு அண்ணாவுக்கு நாள் கணக்குப் பாக்கேலாது."

"கவிதையோ?" செலீன் திரும்பினாள். "அப்ப கல்லறை வெறுமையாக் கிடந்ததும் பொய்யோ?"

சுவரில், சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் ஊதாத் துணியால் மூடியிருந்தது. பொய் என்று ஐறீன் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"பொய்யெண்டு சொல்லேல்லை."

"அப்ப நடந்தது. பேசாம இரு."

செலீன் இல்லாமல் ஹெக்டரோடு ஐறீன் அன்றைக்கே பொலிசுக்குப் போனாள். வாசலில் நின்ற பொலிஸ்காரன் "மனைவியா?" என்று சிங்களத்தில் கேட்டான். தங்கை என்றாள். மனைவியைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பினான். சனிக்கிழமையும் செலீன் அசையவில்லை.

ஞாயிறு காலை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குப் பூசைக்குக் கோயில் மணி அடித்தது. செலீன் குளித்து, மீன் குழம்பு வைத்து, கதவைத் திறந்துவிட்டு இருந்தாள். ஐறீன் இருப்புக்கொள்ளாமல் ஒழுங்கை முகப்புக்கும் வீட்டுக்கும் நடந்தாள். வெள்ளிக்கிழமை அண்ணா போட்டிருந்தது போல வெள்ளைச் சேர்ட்டோடு யார் வந்தாலும் அவனோ என்று பார்த்தாள். பூசைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

மத்தியானம் செலீன் எழுந்து சேலை உடுத்தினாள்.

"கூட்டிக்கொண்டு போங்கோ."

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன் பொல்லாதவனாகத் தெரியவில்லை. செலீனைப் பார்த்துவிட்டு ஹெக்டரிடம் சிங்களத்தில் சொன்னான்: "இவள் வெள்ளிக்கிழமை வந்திருக்கக் கூடாதா? அன்றைக்கு முழுக்க இங்கேதான் இருந்தான். நேற்று விடிய வேறு ஆட்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை."

செலீனுக்குச் சிங்களம் தெரியாது. அவள் ஐறீனின் கையைப் பிடித்தாள்.

"என்னவாம்?"

"அண்ணாவை இஞ்ச கொண்டுவரவேயில்லையாம்."

"அங்கிள் கண்டவர் எல்லோ?"

ஹெக்டர் நிலத்தைப் பார்த்தார். "வேற ஆரையோ கண்டிருப்பன் பிள்ளை. வயசுபோன கண்."

"அப்ப வெள்ளிக்கிழமை நான் வந்திருந்தாலும்..."

"கண்டிருக்கமாட்டீங்கள் மச்சாள்."

செலீன் நீளமாக மூச்சுவிட்டாள். சார்ஜன் பேனையை எடுத்து, முறைப்பாடு எழுதட்டுமா என்று சைகையால் கேட்டான்.

"இஞ்ச வராத ஆளுக்கு இஞ்ச எழுதி என்ன? வேற பொலிஸில போய்க் கேப்பம்," என்று செலீன் படியிறங்கினாள்.

சார்ஜன் பேனையோடு ஐறீனைப் பார்த்தான். எழுதினால், கிளெமென்ற் இங்கே இருந்தான் என்பதற்கு அது ஒன்றாவது மிஞ்சும். எழுதவேண்டுமென்றால் மனைவியின் கையெழுத்துக்குச் செலீனைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐறீன் வாயைத் திறந்தாள். வெளியில் செலீன், யாரோ ஒருவனிடம் தமிழில் பஸ் நிற்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள் ஐறீன் சிங்களத்தில்.