எட்டு வலது முழங்கால்கள்

இருபத்திரண்டு வருடமாக நான் வாயால் வலது என்று சொல்லிக்கொண்டே இடது காலைத் தூக்கி வைக்கிறேன். எங்கள் தொழிலில் இது பொய் இல்லை, முறை. ஸ்டெப் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள் வகுப்பைப் பார்த்து நிற்கிறாள். அவள் இடது காலைப் பலகைமேல் வைத்தால்தான் எதிரே நிற்பவர்கள், கண்ணாடியைப் பார்ப்பதுபோல, தங்கள் வலது காலை வைப்பார்கள். வாய் சொல்வதை யாரும் கேட்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் நாஹித். அலெக்ஸாந்திரியாவில், சீதி பிஷ்ரில், பெண்கள் மட்டும் வரும் ஒரு சின்ன கிளப்பில் வேலை. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு முழங்கால்காரிகளின் வகுப்பு. பதினோரு பேர், எல்லோருக்கும் மூட்டுத் தேய்மானம். பலகை அரைச் சாண் உயரம்தான். குதிகால் முழுதும் பலகையில் பதிய வேண்டும், முழங்கால் விரல்நுனியைத் தாண்டக்கூடாது, எட்டு எண்ணிக்கைக்கு ஒரு முறை முன்வைக்கும் காலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் முழுப் பாரமும் ஒரே மூட்டில் இறங்கும். இந்தத் தொழிலுக்கு வருகிறவளுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

மற்றவர்கள் இளைக்க வந்தார்கள், பேச வந்தார்கள், மருமகளிடமிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்க வந்தார்கள். இக்ராம் டீச்சர் மட்டும் ஒரே காரியத்துக்காக வந்தாள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், வயது அறுபத்து நாலு. இடது முழங்கால் மடங்காததால் மூன்று வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள். கோடையில் சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னாள்: "கேப்டன், எனக்கு இடுப்பு குறைய வேணாம், ஒண்ணும் வேணாம். வர்ற ரமலானுக்குள்ள என் நெத்தி தரையில படணும். அவ்வளவுதான்."

விளையாட்டு சொல்லித்தருகிறவர்களை, ஆணானாலும் பெண்ணானாலும், எங்கள் ஊரில் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கும்போது நொண்டினால் அந்தப் பட்டம் நிற்காது. எனக்கு முன் இருந்தவள் மூன்று நாள் காலை இழுத்து நடந்தாள், நாலாம் நாள் நிர்வாகி மேடம் தவ்ஹீதா அவளுக்குப் பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டாள். அக்டோபரில் டிராமிலிருந்து இறங்கும்போது என் வலது முழங்காலில் ஏதோ கழன்றது மாதிரி இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, எலும்பும் எலும்பும் உரசுகிறது என்றார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குப் பூங்கொத்து வேண்டாம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று முதல் என் இடது காலை மட்டும் முன்வைத்தேன். ஏறுவதும் அதில், இறங்கும்போது உடம்பைத் தாங்குவதும் அதில். வலது கால் சும்மா தொட்டுவிட்டு வரும். மனசாட்சிக்காக எட்டு எண்ணிக்கைக்கு ஒரு முறை "மாத்துங்க" என்று குரல் மட்டும் கொடுப்பேன். ஒருத்தியும் மாற்ற மாட்டாள், அவர்கள் கண் என் காலில்தான் இருந்தது. அரைச் சாண் பலகைதானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் நல்லதுதான் நடந்தது. ஓய்வு கிடைத்த இக்ராம் டீச்சரின் இடது முழங்கால் இளகியது. டிசம்பரில் ஒரு நாள் வீட்டில், கட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு முறை தரையில் தொழுது பார்த்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் தன் மரநாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருப் பள்ளிவாசலுக்கு தானமாகக் கொடுத்துவிட்டாள். முதுகுப் பலகையில் இறந்துபோன கணவரின் பெயரை எழுதி, தெருவே பார்க்கக் கொடுத்தாள். இனி எனக்கு இது தேவையில்லை என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

ஜனவரியில் முனகல் ஆரம்பித்தது. பதினோரு பேரில் எட்டுப் பேர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். கடல்காற்று என்றாள் ஒருத்தி. இந்த வருடக் குளிர் என்றாள் இன்னொருத்தி. நானும் ஆமாம் என்றேன். இக்ராம் டீச்சரின் வலது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. இத்தனை நாள் நன்றாக இருந்த கால் அது. வீட்டில் அவசரப்பட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பீர்கள், உங்கள் தப்புதான் என்று அவளிடமே சொன்னேன். கூசாமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

நான் வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு எங்கள் பகுதிப் பள்ளிவாசலுக்குப் போவதை அக்டோபரிலேயே விட்டிருந்தேன். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதால் மறுநாள் கிளப்புக்குச் செய்தி போய்விடும். அதனால் ஊரின் மறுகோடிக்கு, பஹரீக்குப் போவேன். அங்கே ஒரு பள்ளிவாசலில் பெண்கள் பகுதி தரைத்தளத்தில் இருக்கிறது, படியேற வேண்டாம். சுவரோரம் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ரமலானுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் வலது முழங்காலைப் பிடித்தபடி இருந்தவள் இக்ராம் டீச்சர்.

நாற்காலியை தானம் கொடுத்தவள் தன் தெருவில் எந்த முகத்தோடு இன்னொரு நாற்காலி கேட்பாள்? நான் ஒளிந்துகொண்ட இடத்திலேயே அவளும் ஒளிந்துகொள்ள வந்திருந்தாள்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கால்?"

"வலது."

"எப்போலேர்ந்து?"

"அக்டோபர்."

அவள் தன் மடியில் விரலால் ஏதோ வரைந்தாள். எதிரெதிரே இரண்டு கோடுகள், ஒரு குறுக்குக் கோடு. கணக்கு டீச்சருக்கு அது போதும்.

"அப்போ நீ இடதுலயே நின்னுருக்கே. நாங்க வலதுலயே நின்னுருக்கோம்" என்றாள். "அந்த எட்டுப் பேருக்கும் வலதுதான் வலிக்குது கேப்டன், கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். ஜனவரியிலேயே கவனித்திருந்தேன்.

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "பெருமையடிச்சுட்டேன், அதான் அல்லாஹ்வுக்கு என் நெத்தி வேணாம் போலன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா அழுதுட்டிருக்கேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழ உதவக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்து எழுந்து போனாள்.

சனிக்கிழமை வகுப்பில் பலகையைத் திருப்பிப் போட்டு, வகுப்புக்கு முதுகு காட்டி நின்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஒருத்தி என்னைக் கழுதை என்றாள். இன்னொருத்தி, பாவம், பயந்திருப்பாள் என்றாள். வாசலில் நின்ற மேடம் தவ்ஹீதா எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ஒன்றும் கத்தவில்லை, மாதக் கடைசிவரை இரு என்றாள். பூங்கொத்து கூட வந்தது, மஞ்சள் பூக்கள்.

ரமலானின் முதல் வெள்ளிக்கிழமை பஹரீக்கு டிராம் ஏறவில்லை. இக்ராம் டீச்சரின் தெருப் பள்ளிவாசலுக்கு, முந்தின நாளே அவளிடம் ஃபோனில் சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் நாலு படி. தெரிந்த முகங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன், உயிர் போனது. உள்ளே அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இனி தேவையில்லை என்றவள் ஏன் தரையில் இல்லை என்று யாராவது அவளைக் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்தேன். மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் நான்தான் காரணம் என்று சொன்னேன்.

அவள் பக்கத்தில் அந்த மரநாற்காலி காலியாக இருந்தது. வரிசையில் இடைவெளி விடக்கூடாது என்று அதைத் தன் நாற்காலியோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. நல்ல நாற்காலி, ஆடாது" என்றாள்.

அவள் கணவரின் பெயர்மேல் முதுகு படாமல் நுனியில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்கு இமாமின் தக்பீர் கேட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த வரிசைகள் எல்லாம் தரையில் இறங்கின. நாங்கள் இருவரும் உட்கார்ந்தபடியே குனிந்தோம். அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். தரைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.