சிவப்புக் கோடு போட்ட வயர்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என் அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்: "எழுதிக்கோ. ஆனா அவரைக் கோமாளி ஆக்கிடாத."

அவர் என்றால் அத்தான், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இந்த நிபந்தனையால் என் நல்ல நல்ல தொடக்கங்களெல்லாம் குப்பைக்குப் போயின. மாதிரிக்கு ஒன்று:

ஹோம் தியேட்டர் பெட்டியைப் பிரித்ததும் அத்தான் செய்த முதல் காரியம், விளக்கப் புத்தகத்தைத் தூக்கி —

(வேண்டாம். உண்மைதான், ஆனாலும் வேண்டாம்.)

2

பொதுவாகத் தொடங்கிப் பார்க்கிறேன். டிவிக்குப் பின்னால் குப்புறப் படுத்து வயர் மாட்டுகிறவரின் கால்கள் மட்டும்தான் குடும்பத்துக்குத் தெரியும். அந்தக் கால்களிடம் யாரும் யோசனை சொல்லக் கூடாது. அக்காவும் சொல்லவில்லை.

டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஹெச்.டி.எம்.ஐ கேபிள் சாது. ஒரு பக்கமாகத்தான் நுழையும், தப்புச் செய்ய விடாது. ஸ்பீக்கர் வயர் அப்படியில்லை. இரட்டை வயர், இரண்டும் கறுப்பு, ஒன்றின் மேல் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு. கோடு போட்டது ஸ்பீக்கரின் முதுகிலுள்ள சிவப்பு முனைக்கு, போடாதது கறுப்பு முனைக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் புகையாது. பாட்டு ஏதோ ஜோராகத்தான் கேட்கும். பேச்சு மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் சோகை பிடித்துவிடும்.*

* ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்குமாம். இரண்டுக்கும் பொதுவான குரல் நடுவில் அடிபட்டுப் போகுமாம். எனக்கு இதை விளக்கியவள் அக்கா.

3

அத்தானுக்கு வலது காது ஒரு காய்ச்சலில் போய்விட்டது. இடது காதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் பாடம் நடத்துகிறார். கடைசி பெஞ்சு முணுமுணுப்பைக்கூடப் பிடித்துவிடும் காது அது.

புது ஸ்பீக்கரில் முதல் படம் ஓடியது. வசனம் பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், பிறகு அணைத்துவிட்டார்.

"இதுவும் போகுது போல. திங்கக்கிழமை ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்."

"எனக்கும் அப்படித்தாங்க கேக்குது" என்றாள் அக்கா.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

(இந்த இடத்தில் நான் அக்காவை அழவைத்திருந்தேன். படித்துக் காட்டியபோது, "நான் எங்கடா அழுதேன்?" என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துக் கடைசி வரி வரை படிக்கும் ஜென்மம் உலகத்தில் உண்டென்றால் அது இவள்தான். மறுநாள் சனிக்கிழமை. அத்தான் சிறப்பு வகுப்புக்குப் போனதும் விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள். பிறகு டார்ச்சோடு டிவிக்குப் பின்னால் நுழைந்தாள். இடது ஸ்பீக்கரில் கோடு போட்ட வயர் கறுப்பு முனையில் இருந்தது.

பார்த்தாள். தொடாமல் வெளியே வந்துவிட்டாள்.

எழுதுகிறவனாக நான் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டது இங்கேதான். கையில் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) அவளே மாற்றி மாட்டுகிறாள். மாலையில் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது, சந்தோஷம். ஆனால் ஏன் கேட்கிறது என்று தெரியாத மனுஷன் நாளைக்கும் கேட்குமா என்று பயந்துகொண்டே இருப்பார்.

(ஆ) அவள் விஷயத்தைச் சொல்கிறாள். அதையும் ஆறுதல் கணக்கில் சேர்த்துவிடுவார்.

வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண் போடாதவர் அத்தான். தன் கையால் போட்டுப் பார்த்தால்தான் நம்புவார். நானாக இருந்தால் கண்டுபிடித்த ஜோரில் ஓடிப்போய் உளறியிருப்பேன். அக்கா நாள் முழுக்க அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

5

மாலையில் ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்தித் தரச் சொன்னாள், பின்னால் பெருக்க வேண்டுமாம். அவர் குனிந்தார். வயர் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வெளிச்சம் வேண்டுமே என்று டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் அந்த முனையை விட்டு அசையவில்லை.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். திருகைத் தளர்த்தி, வயரை மாற்றி, மறுபடி முறுக்கினார். படத்தை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார். பேச்சு ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டது. சத்தத்தைக் குறைத்தார். கேட்டது. இன்னும் குறைத்தார். அக்காவே காதைத் தீட்டிக்கொள்ளும் அளவுக்குக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு வசனத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாராம். என்ன என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டாள். நானும் முயன்று பார்த்தேன்:

அவர் தழுதழுத்த குரலில் —

அவர் சிரித்துக்கொண்டே, "நீ மட்டும் —

எதுவும் அந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. ஆகவே மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், அவள் துடைப்பத்தோடு நிற்கிறாள். அவர் சொல்வதையும், திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகிறாரா வகுப்புக்குப் போகிறாரா என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பதிலுக்கு அக்கா என்ன சொன்னாலும் சரி, அவளைச் சத்தம் போட்டுப் பேச மட்டும் வைக்காதீர்கள். அவருக்குக் கேட்கும்.